சண்டித்தனம் செய்த கட்டைவிரல்

பலகையில் அம்பு எறியும் ஒரு டார்ட்ஸ் போட்டியில், டிவியில் ஊரே பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், ஜெஸ்லினின் கட்டைவிரல் திடீரென்று சண்டித்தனம் செய்தது. கையில் மிச்சம் ஒரே ஒரு அம்பு. பலகையின் ஓரத்து வளையத்தில், பதினாறுக்கு நேரே அது குத்தினால் அடுத்த வருஷமும் ஜெஸ்லின் தொழில்முறை ஆட்டக்காரி. தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

"அட, விடப்பா!" என்றது அம்பு.

"மாட்டேன்," என்றது கட்டைவிரல். "எட்டு வயசுல என்னை அகாடமியில சேர்த்தாங்க. கோணம் பார்க்க ஒரு கோச், மூச்சை எண்ண ஒரு டாக்டர், தூக்கத்தை அளக்க ஒரு வாட்ச்! ஒரு நூல் பிசகினாலும் உலகமே ஸ்லோமோஷன்ல பார்த்துச் சிரிக்கும்."

"அதுக்காக? கட்டிக்கொடுத்த பொண்ணை வண்டி ஏறவிடாம அழற அப்பன் மாதிரி பிடிச்சுக்கிட்டே நிப்பியா? மூச்சு முட்டுது சாமி!"

தூக்கிய கை தூக்கியபடி நின்றது. பாவம், ஜெஸ்லினின் முகம் வெளுத்துவிட்டது. விரல் இப்படி விட மறுக்கும் வியாதி வந்து ஆட்டத்தையே கைவிட்டவர்களை அவளுக்குத் தெரியும்.

பலகைக்குப் பொறுக்கவில்லை. எதிர்ச்சுவரிலிருந்து கத்தியது.

"ஏய் கட்டை! அந்தக் காலத்துல வேலை முடிஞ்சு நேரா கிளப்புக்கு வந்து எறிவாங்க. ஒரு கையில அம்பு, ஒரு கையில வாழைக்காய் பஜ்ஜி. ஒருத்தன் அவசரத்துல அம்பைக் கடிச்சுட்டு பஜ்ஜியை எறிஞ்சுட்டான்! என் நட்டநடு நெத்தியில வந்து ஒட்டிக்கிச்சு. அதுக்கும் பாயிண்ட் கொடுன்னு சண்டை வேற!"

கட்டைவிரலுக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் பிடி நழுவியது.

"வர்றேன்டோய்!" என்று கூவிக்கொண்டே பறந்த அம்பு, பதினாறின் வளையத்தில் சதக்கென்று குத்தி நின்றது. அரங்கமே எழுந்து ஆடியது. ஜெஸ்லின் அழுதுகொண்டே தன் கட்டைவிரலுக்கு முத்தம் கொடுத்தாள். அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அகாடமிக்காரர்கள் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். விரல் சிரித்ததைக் கண்டுபிடித்தார்கள். மறுவாரமே சிரிப்புக்கென்று ஒரு தனி கோச்சை வேலைக்குச் சேர்த்தார்கள்.

அவர் கேமராவைக் கட்டைவிரலுக்கு நேரே வைத்தார். "எங்கே, அன்னைக்குச் சிரிச்ச மாதிரியே சிரி பார்ப்போம்."

கட்டைவிரல் அம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.