தோளில் தடம் இல்லை

அந்த மலையடிவார ஆசிரமத்தில் குருவை விடச் சீடருக்கு வயது அதிகம். தில்லைநாயகம் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து ஒரு மாதமாகியும், கண்ணை மூடி உட்கார்ந்தால் முதுகு மட்டும்தான் நேராகிறது, மனசு ஆகவில்லை.

ஒருநாள் காலையில் குரு மாடு கட்டுவதற்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் அருகில் போய் நின்றார்.

“சாமி, ஒரு மந்திரம் வேணும். எனக்கில்ல, என் மகனுக்கு.”

“அவருக்கு என்ன?”

“ராணுவத்துல இருந்தான். இப்போ வீட்டுல இருக்கான். அறையை விட்டு வெளியே வரமாட்டேங்கிறான். நடந்ததை அவன் மறக்கணும்.”

குரு சம்மட்டியை நீட்டினார்.

“முதல்ல இதை அடிங்க.”

தில்லைநாயகத்துக்கு எரிச்சல் வந்தது. மகனுக்காகக் கேட்க வந்தால் மாட்டு வேலை கொடுக்கிறார். ஆனாலும் அடித்தார். இரும்பு முளை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. திடீரென்று கை விண்ணென்று தெறித்தது. நிறுத்திவிட்டார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“கீழே பாறை சாமி. கை சொல்லுதே.”

குரு முளையை அசைத்துப் பார்த்தார். “வேலையில என்ன செஞ்சீங்க?”

“சுடும்போது துப்பாக்கி பின்னால உதைக்கும். தொடர்ந்து சுடுற துப்பாக்கின்னா உதை மேல உதை. அதை நான் குறைச்சேன்.” அவர் குரல் நிமிர்ந்தது. “குழல் வாயில துளை போட்டு, வெளியே வர்ற புகையைப் பின்பக்கமாத் திருப்பினேன். உள்ளே ஒரு பாகம் பின்னால ஓடும்போது அதே எடையில இன்னொண்ணு முன்னால ஓடுற மாதிரி வச்சேன். மிச்சத்தை ஸ்பிரிங் வாங்கிக்கும்.”

“குறைஞ்சதுன்னு எப்படித் தெரியும்?”

“கருவி இருக்கு. ஆனா எங்க வழக்கம் வேற. சுட்டவன் சட்டையைக் கழட்டித் தோளைக் காட்டணும். கன்றிப்போயிருந்தா திரும்ப முதல்ல இருந்து வரையணும். என் துப்பாக்கியில சுட்டா ஒரு தடமும் இருக்காது.”

“குண்டு போன பக்கம்?”

“அங்கே வெறும் மணல்மேடு. அதை யாரு பார்ப்பா?”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. சம்மட்டியைக் கீழே வைத்தார்.

“சோதனைச் சாவடியில ஒரு வேன் நிக்காம வந்திருக்கு. மகன் விசையை அழுத்திட்டான். கல்யாணத்துக்குப் போனவங்க சாமி. வண்டியில பிரேக் பிடிக்கல, அவ்வளவுதான். அன்னிக்கே போன்ல சொன்னான். ரெண்டு மூணு குண்டுதான் போச்சுன்னு நெனச்சேன்ப்பா, கையில ஒண்ணுமே தெரியலன்னான். பார்த்தா உள்ளே இருந்த மொத்த குண்டும் காலி. அது என் துப்பாக்கி.”

மாடு வாலை வீசிக்கொண்டு நின்றது.

“வீட்டுக்கு வந்ததும் அவன் சட்டையைக் கழட்டச் சொல்லித் தோளைப் பார்த்தேன். பழக்கம் சாமி. ஒரு தடமும் இல்ல. ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையா இருந்துச்சு.”

தில்லைநாயகம் அழுதுவிட்டார். குரு அவரைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

“அப்புறம் அவர் எதுவும் பேசலையா?”

“தினமும் ஆரம்பிப்பான். வேன்ல ஒரு பொண்ணு இருந்தான்னு ஆரம்பிப்பான். விடுடா, உன் மேல தப்பில்லன்னு டிவியைப் போட்டுருவேன். போகப் போக அவனும் நிறுத்திட்டான். நானும் இங்கே வந்துட்டேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவன் தாங்கமாட்டான் சாமி. ஏதாவது சொல்லிக்கொடுங்க, கொஞ்சம் குறையட்டும்.”

குரு உள்ளே போனார். தில்லைநாயகத்தின் துணிப்பையை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

“பஸ் வர்ற நேரம். வீட்டுக்குப் போங்க. டிவியைப் போடாம அவர் பக்கத்துல உட்காருங்க. அவர் சொல்றது உதைக்கும். இந்தத் தடவை தோள் உங்களோடது.”