இரண்டாயிரம் மஞ்சள் கைகள்

இலஞ்சிநாட்டை ஆண்ட வீரகேது மகாராஜா நல்லவர்தான். ஒரே ஒரு பலவீனம், தன்னைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்று தினமும் காலையில் தெரிந்தாக வேண்டும்.

அதற்காகத் தேரடியில் ஒரு நீளச் சுவர் கட்டினார். மாலையில் ஓவியர் ஒருவர் வந்து பழையதை வெள்ளையடித்து மறைத்துவிட்டு, மன்னர் சொன்னதைப் புதிதாக எழுதுவார். பிடித்தவர்கள் மஞ்சள் கரைசலில் கையை நனைத்துச் சுவரில் பதிக்க வேண்டும். பிடிக்காதவர்கள் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. காலையில் அமைச்சர் வரகுணர் கைகளை எண்ணி வந்து சொல்வார். இன்று நாம் கைபேசியில் விரலை அழுத்துகிறோமே, அதே வேலைதான். என்ன, நமக்கு மஞ்சள் மிச்சம்.

"இன்று காலை இடியாப்பம் சாப்பிட்டேன்" என்று மன்னர் ஒருநாள் எழுதச் சொன்னார். ஆயிரத்து நானூறு கைகள். "எனக்கு ஜலதோஷம்" என்றதற்கு ஆயிரத்து எழுநூறு. ஜலதோஷத்தில் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அரண்மனை வைத்தியருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

ஒருநாள் காலை, "நாடு நலம்" என்ற மன்னரின் வாசகத்துக்குக் கீழே யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்: "பெரிய மடைக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் ஓட்டை. ஆள் அனுப்புங்கள்." அதற்கு மூன்று கைகள் விழுந்திருந்தன.

எழுதியவளைப் பிடித்து வந்தார்கள். பேச்சியம்மாள், மடை காவல் பார்ப்பவள். சபையில் விசாரணை நடந்தது.

"அரசே, நாடு நலம் என்று ஆயிரத்து அறுநூறு கைகள் சொல்கின்றன. ஓட்டை என்று மூன்று கைகள் சொல்கின்றன. எது உண்மை என்று தங்களுக்கே தெரியும்" என்றார் வரகுணர்.

"மகராசா, ஓட்டை சுவத்துல இல்ல, கரையில இருக்கு" என்றாள் பேச்சியம்மாள். "நேத்து உள்ள கைய விட்டா முழங்கை வரைக்கும் போச்சு. இன்னைக்குத் தோள் வரைக்கும் போவுது. கரை ஒடஞ்சா கீழ இருக்க பதினெட்டுக் குடியிருப்பும் போயிரும்."

"வதந்தி!" என்றார் வரகுணர்.

மன்னருக்கும் எண்ணிக்கைதான் பெரிதாகப்பட்டது. நாளைப் பொழுது சாயுமுன் அவள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பானது.

சபையில் குழைக்காதன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு என்ன உத்தியோகம் என்று எவருக்கும் தெரியாது. மன்னர் சிரிக்காத நாளில் அவனைக் கூப்பிடுவார்கள். பேச்சியம்மாள் வெளியே போனதும் அவன் எழுந்து மன்னர் முன் வந்து நின்றான்.

"அரசே, நல்ல தீர்ப்பு. எனக்கு ஒரே ஓர் ஆசை. இன்று மாலை சுவரில் என்ன எழுதுவது என்பதை எனக்கு விட்டுவிடுங்கள்."

"என்ன எழுதுவாய்?"

"தங்கள்மேல் மக்களுக்கு உள்ள அன்பைத்தான்."

மன்னருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வரகுணரும் மறுக்கவில்லை. சுவரில் இருப்பதைப் படிக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது, எண்ணுவதோடு சரி.

மறுநாள் காலை வரகுணர் ஓடோடி வந்தார். "அரசே! இரண்டாயிரம் கைகள்! இதுவரை இப்படி விழுந்ததே இல்லை!"

"அப்படியா!" என்று மன்னர் எழுந்தே விட்டார். "குழைக்காதா, அப்படி என்னதான் எழுதினாய்?"

குழைக்காதன் மனப்பாடமாகச் சொன்னான்: "நாளைக் காலை பெரிய ஏரிக்கரைக்கு மண் சுமக்க மன்னருடன் வருகிறேன். ஒரு கைக்கு ஒரு கூடை. இது சத்தியம்." உடனே, "கிளம்புங்கள் அரசே, இரண்டாயிரம் பேர் வெயிலில் நிற்பார்கள்" என்றான்.

வரகுணருக்கு முகம் வெளுத்துவிட்டது.

மன்னர் குதிரையில் போனார். வரகுணர் ஆறு பேர் சுமக்கும் பல்லக்கில் பின்னால் வந்தார். கரையில் பேச்சியம்மாளும், சுவரில் அவளுக்காகக் கை வைத்த மூன்று பேரும் ஓட்டையில் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஓர் ஈ காக்கை இல்லை. ஓட்டையில் இப்போது ஆளே நுழையலாம்.

மன்னர் ஓட்டையைப் பார்த்தார், வரகுணரைப் பார்த்தார். "என் இரண்டாயிரம் பேர் எங்கே?"

"எல்லோரும் வந்துவிட்டார்கள் அரசே" என்றான் குழைக்காதன். பல்லக்குத் தூக்கிகளிடம் திரும்பி, "பல்லக்கை இறக்கிட்டுக் கையை விரிங்கய்யா" என்றான்.

ஆறு பேரும் விரித்தார்கள். பன்னிரண்டு உள்ளங்கையும் மணிக்கட்டு வரை மஞ்சள்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சிட்டுத்தான வச்சீங்க?"

"எங்களுக்கு எழுத்தே தெரியாது சாமி. வெள்ளையாத் தெரியுற எடமெல்லாம் வைக்கச் சொன்னாரு அமைச்சரு, வச்சோம்."

இன்று நமக்கெல்லாம் எழுத்து தெரியும். வேறு வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மன்னர் தலைகுனிந்து நின்றார். "இப்போது என்ன செய்வது, பேச்சியம்மா?"

"தமுக்கு அடிக்கச் சொல்லுங்க மகராசா."

தமுக்குச் சத்தம் கேட்டுச் சற்று நேரத்துக்குள் பதினெட்டுக் குடியிருப்பும் கரையில் நின்றது. உச்சிப் பொழுதுக்குள் ஓட்டை அடைபட்டது. மன்னரும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மண் சுமந்தார்.

"இத்தனை பேர் இருக்கிறார்களே, இவர்கள் கை ஏன் ஒருநாளும் சுவரில் விழவில்லை?" என்று கேட்டார்.

"கையில மம்பட்டி இருந்துச்சு மகராசா" என்றாள் பேச்சியம்மாள்.

தீர்ப்பு அங்கேயே ரத்தானது. ஏரி முழுவதும் பேச்சியம்மாள் பொறுப்புக்கு வந்தது.

"அரசே, சத்தியம் ஒன்று பாக்கி இருக்கிறது" என்றான் குழைக்காதன். "கரையை உயர்த்த இரண்டாயிரம் கூடை. ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு முந்நூற்று முப்பத்துமூன்று. இரண்டு கூடை மிஞ்சுகிறது. அதை அமைச்சர் சுமக்கலாம்."

"கை வைக்கச் சொன்னவர் அவர். ஆளுக்கு ஐம்பது, மிச்சமெல்லாம் அமைச்சருக்கு" என்று சொல்லி மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். வரகுணரின் பல்லக்கையும் குழைக்காதனுக்கே பரிசாகக் கொடுத்தார். தூக்க ஆளில்லாததால் அவன் அதில் நெல் கொட்டி வைத்தான்.

அன்று மாலை சுவரில், "பேச்சியம்மாள் சொன்னது உண்மை. நான்தான் கேட்கவில்லை" என்று எழுதச் சொன்னார் மன்னர். சில நாள் கழித்து, பழக்கதோஷம், மெல்லக் கேட்டார்.

"குழைக்காதா, அதற்கு எத்தனை கை விழுந்தது?"

"மூன்று, அரசே."

"மூன்றுதானா?"

"கூடை சுமந்ததில், மிச்சக் கைகளைப் பதிக்கிறவர்களுக்கு இன்னும் கை தூக்க வரவில்லை."