சூடம் அணைக்க மறுத்த பூட்டாசாரி

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் காதை இந்தப் பக்கம் திருப்புங்கள். ராஜாக்கள் மாறினாலும் பசி மாறாத ஒரு காலத்தில் இரும்பனூர் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் தெருவெல்லாம் உலை, உலையெல்லாம் பூட்டு.

அங்கே ஒரு வழக்கம். பூட்டைச் செய்த ஆசாரி எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, “இது சாவியில்லாமல் திறக்காது” என்று சத்தியம் செய்தால் போதும், அது நல்ல பூட்டு. ஒருவர் செய்த பூட்டை இன்னொருவர் நோண்டிப் பார்ப்பது பெரிய மரியாதைக் குறைச்சல். விருந்துக்குப் போன வீட்டில் குழம்பைக் குறை சொல்வது மாதிரி.

திருடனுக்கு அந்த மரியாதை ஏது? பெரியாண்டி ஆசாரி சூடம் அணைத்துக் கொடுத்த பூட்டைத்தான் போன வருஷம் ஒருவன் வளைந்த கம்பியால் திறந்தான். களஞ்சியத்தில் இருந்த ஊரின் விதைநெல்லில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விட்டான். பாதி வயல் தரிசாகக் கிடந்தது. ஜனங்கள் காட்டுக்கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள். ஆசாரியை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இந்த வருஷம் வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்த நெல் மறுபடி களஞ்சியத்துக்கு வந்தது. இதுவும் போனால் ஊரே நாடோடியாகப் போகவேண்டியதுதான். நாட்டாமை புதுப் பூட்டு கேட்டார், சூடத்தட்டையும் நீட்டினார். பெரியாண்டி கையை இழுத்துக்கொண்டார்.

“திருடன் சூடத்தைப் பாத்தா பயப்படப் போறான்? நானே திருடனா இருந்து பாத்துட்டுத் தாரேன்.”

முதல் பூட்டைச் செய்தார். தானே கம்பியை விட்டு நெம்பினார். திறந்தது. உலையில் போட்டு உருக்கினார்.

இரண்டாம் பூட்டைச் செய்தார். கம்பி தோற்றது. மரச்சுத்தியால் அடியில் தட்டினார். உள்தாழ் குலுங்கி, அதுவும் திறந்தது. உருக்கினார். பார்த்தவர்கள் ஆசாரிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். பிடித்தது கிறுக்கல்ல, வைராக்கியம்.

மூன்றாம் பூட்டுக்கு உள்ளே மூன்று நாக்கு வைத்தார். மூன்றும் வேறு வேறு உயரம் எழும்பினால்தான் தாழ் நகரும். கம்பி தோற்றது, சுத்தி தோற்றது, நெருப்பும் தோற்றது. அதைக் களஞ்சியக் கதவில் மாட்டினார்கள். ஊர் குலவையிட்டது. நாட்டாமை மறுபடி சூடத்தட்டோடு வந்தார். “நான் செஞ்ச பூட்டுக்கு என் கையே பாவம் பாக்கும்” என்று சொல்லிவிட்டு, பெரியாண்டி நேரே ஊரின் இன்னொரு பூட்டாசாரி கோமதிநாயகத்தின் பட்டறைக்கு நடந்தார்.

அடடா, அந்த வாசலை அவர் மிதித்து எத்தனை காலம்! பெண் எடுத்த வகையில் வந்த சண்டை. இரண்டு ஆசாரிகளும் ஒரே கிணற்றில் தண்ணீர்கூட எடுக்கமாட்டார்கள். ஆனால் தன் பூட்டுக்கு இரக்கம் காட்டாத கை ஊரில் அது ஒன்றுதான் என்று பெரியாண்டிக்குத் தெரியும்.

“என் பூட்டைத் தோக்கடிச்சுக் காட்டும்வே” என்றார்.

கோமதிநாயகத்துக்குக் கரும்பு தின்னக் கூலியா? ஊரே கூடி நிற்க, காலையில் குந்தியவர் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. பூட்டு அசையவில்லை. கடைசியில் பூட்டை விட்டுவிட்டு, அது தொங்கிய, கதவில் ஆணியடித்த இரும்பு நாதாங்கியைப் பார்த்தார். சிரித்தார். கடப்பாரையைக் கொடுத்து ஒரே நெம்பு. ஆணிகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. கதவு ஆவென்று திறந்தது; பூட்டு மட்டும் பூட்டியபடியே தொங்கியது.

பெரியாண்டிக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. பூட்டையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குக் கதவு தெரியாமல் போயிற்றே! இருந்தாலும் பகையாளியின் முன்னால் கைகூப்பினார்.

“ஓட்டையக் காட்டுனது நீரு. அடைக்கிறதும் உம்ம கையாலயே நடக்கட்டும்.”

கோமதிநாயகத்தின் சிரிப்பு அடங்கியது. போய் உலையை மூட்டினார். கதவை ஊடுருவி உள்பக்கம் மடங்கும் ஆணிகளோடு புது நாதாங்கி அடித்தார். அன்றைக்குப் பெரியாண்டிதான் அவருக்குத் துருத்தி ஊதினார்.

மழைக்கு முன்னே திருடன் வந்தான். விடிந்து பார்த்தால் சாவித்துளையில் முறிந்த கம்பி, பூட்டின் அடியில் சுத்தித் தழும்பு, நாதாங்கியில் கடப்பாரைக் கீறல். நெல் ஒரு மணி குறையவில்லை.

நாட்டாமை மூன்றாம் முறையும் சூடத்தட்டைத் தூக்கி வந்தார். பெரியாண்டி கதவில் இருந்த அந்த மூன்று வடுக்களையும் காட்டினார். நாட்டாமை சூடத்தைத் தானே ஊதி அணைத்துவிட்டு, விதைப்பின் முதல் பிடி நெல்லை இரண்டு ஆசாரிகள் கையிலும் கொடுத்தார். இருவரும் ஒரே வயலில் இறங்கினார்கள்.

ஆகையால் அறிக: தன் வேலையின் பலத்தைச் சத்தியத்தால் காட்டாமல் சோதனையால் காட்டுகிறவனே, அந்தச் சோதனையைப் பகைவன் கையில் கொடுக்கவும் அஞ்சாதவனே, நம்பத் தக்கவன்.