பொட்டு வைத்த நட்டுவாக்காலி

“நான் ஊருக்குப் போறேம்மா. அஞ்சரை பஸ்ஸுக்கு.”

ஆவுடையப்பன் தோளில் பையோடு வந்து நின்றார். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. அதன் மேல் ஓட்டுச்சில்லு ஒன்று மூடியாக இருந்தது.

அந்த மலையடிவார மடத்துக்குக் குரு கோமதியம்மாள். குருவுக்கு நாற்பது வயசு, சீடருக்கு அறுபத்திரண்டு. ஆவுடையப்பன் குருவை அம்மா என்பார். அம்மா சீடரை அண்ணாச்சி என்பார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார்.

என்ன ஆகவில்லை என்று கேட்டிருக்கலாம். மனுஷன் பொரிந்து தள்ளிவிட்டார். பாயை விரித்தால் பூரான். வேட்டியை உதறினால் தேள். நாலு தூறல் விழுந்தால் போதும், சுவரெல்லாம் மரவட்டை, கால்விரல் இடுக்கில் அட்டை. கண்ணை மூடி உட்கார்ந்தால் உச்சந்தலையில் பல்லி. இதற்கு நடுவில் மனசு எங்கே ஒருநிலைப்படும்?

மகனோடு சண்டை போட்டுக்கொண்டு அவர் இங்கே வந்ததே அம்மா வாயால் ஒரு உபதேசம் வாங்கத்தான். பூச்சித் தொல்லை ஒழிந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், நிம்மதியாக உட்கார்ந்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று தள்ளிப்போட்டதும் அவரேதான். அம்மாவும் சரி என்றுவிட்டார்.

பதினோரு மாசம் ஆச்சு. அந்த ஒரு நாள் வரவேயில்லை.

மடத்தில் எந்த உயிரையும் கொல்லக் கூடாது. ஆவுடையப்பன் அதில் படு கறார். ஒவ்வொன்றையும் சிரட்டையில் ஏந்தி, முழங்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்து, அக்கரைப் புதரில் விட்டுவிட்டு வருவார். காப்பாற்றிய உயிர் ஒவ்வொன்றுக்கும் தன் குடிசைச் சுவரில் ஒரு கரிக்கோடு. நூற்று அறுபத்து மூன்று கோடு இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

“விட்ட சனியனே திரும்பி வருதும்மா. இந்தா பாருங்க.”

மூடியை விலக்கினார். உள்ளே கன்னங்கரேலென்று ஒரு நட்டுவாக்காலி, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு.

போனதுதான் திரும்பி வருகிறதோ என்று அவருக்கு வெகுநாளாகச் சந்தேகம். முந்தாநாள் வெற்றிலைச் சுண்ணாம்பை ஈர்க்கில் தொட்டு அதன் முதுகில் ஒரு இழுப்பு இழுத்து அனுப்பியிருந்தார். இன்று காலை வாசலில் வந்து நிற்கிறது. சுண்ணாம்புக்குக் கீழே குங்குமப் பொட்டு.

“வெள்ளை நான் வச்சது. குங்குமம் யாரு வச்சா? இதுக்கென்ன கல்யாணமா?”

அம்மா சிரிக்கவில்லை.

“அக்கரையில யாரு இருக்கா?”

“புதர் இருக்கு.”

“புதருக்கு அந்தப் பக்கம்?”

அதைப் பார்க்கவா நான் இங்கே வந்தேன் என்று எரிந்து விழுந்தார் ஆவுடையப்பன்.

அம்மா கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். நேரே போய் ஓடையில் இறங்கினார். பையும் சிரட்டையுமாக முணுமுணுத்துக்கொண்டே ஆவுடையப்பனும் பின்னால் போனார்.

புதரைத் தாண்டிப் பத்தடி. அங்கே ஒரு குடிசை இருந்தது.

வாசலில் ஒரு பெண் ஆட்டுக்குட்டிக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். பெயர் பேச்சித்தாய். பக்கத்தில் மண்தரையில் அவள் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. கணுக்காலில் வீக்கம். போன வாரம் பூரான் கடித்து மூன்று நாள் காய்ச்சலாம்.

சிரட்டைக்குள் எட்டிப் பார்த்ததும் பேச்சித்தாய் பதறிவிட்டாள். பிள்ளையின் பாய்க்கடியில் கிடந்ததாம். அடிக்க ஓங்கிவிட்டாளாம். முதுகில் திருநீறு இருக்கவும் மடத்து உயிர் என்று தெரிந்து கை நின்றுவிட்டதாம். பொட்டு வைத்துக் கும்பிட்டு, முறத்தில் ஏந்திப் போய், ஓடையோரம் இருக்கிற முதல் குடிசை வாசலில் விட்டாளாம். ஏதும் தப்பா சாமி என்று கேட்டாள்.

அது திருநீறு இல்லை, சுண்ணாம்பு என்று சொல்லத்தான் ஆவுடையப்பன் வாயெடுத்தார். கேட்டது வேறு.

“இதுக்கு முன்ன வந்ததெல்லாம்?”

“எது சாமி?”

“திருநீறு இல்லாதது.”

“அதையெல்லாம் செருப்பால அடிச்சுப்போட்டேன். ஒண்ணு விடல. தவழுற பிள்ளைய வச்சிக்கிட்டு வேற என்ன செய்ய? இந்த ஒரு வருசமா எங்கிருந்துதான் வருதோ, இப்படி.”

பிள்ளை ஆவுடையப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. அவர் சிரட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

சிரட்டையோடு இரண்டு பேரும் ஓடையைக் கடந்து திரும்பினார்கள்.

தன் குடிசைக்குள் நுழைந்து பையை இறக்கினார் ஆவுடையப்பன். சுவரில் இருந்த கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்தார். அழியவில்லை, சுவரெல்லாம் கரியானது.

வெளியே வந்து சிரட்டையை வாசற்படியில் வைத்து உள்பக்கமாகச் சாய்த்தார். நட்டுவாக்காலி இறங்கியது. நின்றது. பிறகு உள்ளே போனது.

“அஞ்சரை பஸ் வந்துரும் அண்ணாச்சி” என்றார் அம்மா.

“போகட்டும்மா. இது எந்த மூலையில படுக்குதுன்னு பாத்துட்டு, நான் என் பாயைப் போடணும்.”