முப்பத்தாறு குட்டி போட்ட முயல்

சொள்ளமுத்து வாயைத் திறப்பதற்கு மாட்டு ஆஸ்பத்திரி பெஞ்சை விட நல்ல இடம் கிடையாது. டோக்கனோடு காத்திருப்பவர்கள் பாதியில் எழுந்து போக முடியாது என்பது அவனுக்குத் தெரியும். தகரக் கொட்டகைக்குக் கீழே அவனுக்குப் பக்கத்தில், மடியில் கூடையை வைத்துக்கொண்டு அவன் பெண்டாட்டி குருவம்மாள் உட்கார்ந்திருந்தாள். கூடைக்கு நடுவே ஒரு பலகை. பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளை முயல், அந்தப் பக்கம் ஒன்று. ஒன்றுக்குக் காது கிழிந்திருந்தது, மற்றதுக்கு மூக்கெல்லாம் கீறல்.

குருவம்மாளுக்கு வேண்டியது அவளுடைய கோழிக்கூண்டு. நாலு மாதத்துக்கு முன்னால், முயல் வளர்க்கிறேன் பேர்வழி என்று அவளுடைய ஏழு கோழிகளையும் கழுகுமலையில் அவள் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கூண்டை முயலுக்குக் கொடுத்துவிட்டான். இன்றைக்கு வரைக்கும் ஒரு குட்டி கிடையாது. டாக்டரம்மா பார்த்துச் சினை என்று சொன்னால் முயல் இருக்கும், இல்லையென்றால் கோழி திரும்பி வரும் என்று வீட்டில் பேச்சாகியிருந்தது.

"என்னவே, மொசலா?" என்று கேட்டார் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற வெள்ளத்துரை. கேட்டதுதான் அவர் செய்த தப்பு.

"மொசலுன்னு லேசாச் சொல்லிராதீங்க அண்ணாச்சி. இதுக்குன்னே மூணு நாள் பயிற்சிக்குப் போனேன். ரெண்டாம் நாளு, பாடம் எடுத்தவரு சாக்பீச என் கையில குடுத்துட்டு, பெஞ்சில போயி உக்காந்து நோட்டு எழுதுதாரு."

போனது ஒரே ஒரு நாள். காலையில் தீவனம், குட்டி போடுகிற பக்குவம் என்று அரைகுறையாகக் காதில் வாங்கினான். மதியம் பிரியாணி போட்டார்கள். அதற்குப் பிறகு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று குருவம்மாள் கேட்டதற்கு, "சோத்துக்குப் பொறவு எவன் பாடம் கேப்பான், ஒரு தூக்கம் போட்டேன்" என்றவன்தான் இந்த வாத்தியார்.

"பொறவு சந்தைக்குப் போயி நானே ஜோடி பாத்து எடுத்தேன். மத்தவன் மாதிரி தூக்கிப் பொரட்டி எல்லாம் பாக்க மாட்டேன். மொகத்தப் பாத்தாலே ஆணா பொண்ணான்னு சொல்லிருவேன். இந்தா, காது கிழிஞ்சது பொண்ணு. எப்படி வெக்கப்படுது பாருங்க."

"எத்தன குட்டி போட்டுச்சு?"

"ஊர் மொசலு ஆறு போடும், எட்டு போடும். இது மொத ஈத்துலயே முப்பத்தாறு."

வெள்ளத்துரை ஆட்டைப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்தது. குருவம்மாள் கூடையின் துணியை இழுத்து மூடினாள். முயல் காதிலாவது இது விழாமல் இருக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"குட்டி போடுததுக்கு முன்னால, தாய் தன் வயித்து முடியப் பிடுங்கி மெத்த போடும், தெரியும்லா? இது பிடுங்குன முடியில நான் ரெண்டு மெத்த, நாலு தலகாணி தச்சிட்டேன். மிச்சத்த வாங்க காஷ்மீர்லருந்து ஒரு யாவாரி வந்து எங்க வாசல்ல மூணு நாளாக் கெடந்தான்."

முடி கிடந்தது மட்டும் நிஜம். விடிந்தால் கூண்டுக்குள் கைப்பிடி முடி கிடக்கும். "பாத்தியாட்டி, மெத்த போடுது. இன்னும் நாலு நாள்ல குட்டி" என்பான். அந்த நாலு நாள் நாலு மாதமாக வந்துகொண்டே இருக்கிறது. கூட்டிப் பெருக்கியது அவள். அந்த முடியில் ஊசி குத்தி வைக்கிற மெத்தை கூடத் தைக்க முடியாது.

"ஒருக்கா இத ஒத்தையாத் தூக்கிட்டு பஸ்சில ஏறுனேன் அண்ணாச்சி. எறங்கும்போது கண்டக்டரு பதினாலு டிக்கெட் கேக்கான்."

"எடுத்தீரா?"

"எங்க எடுக்க? அவன் எண்ணி முடிக்கதுக்குள்ள இன்னும் மூணு."

வெள்ளத்துரை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிவே, இவ்வளவு குட்டியும் இப்ப எங்க? ஒண்ணையும் காங்கலியே."

"எல்லாம் தரைக்குக் கீழ இருக்கு. வளை தோண்டுது. நம்ம வீட்டு அடுப்படியில ஆரம்பிச்சு கழுகுமலை வரைக்கும் தோண்டிட்டு. நான் இப்ப கொழுந்தியா வீட்டுக்கு அந்தச் சொரங்கத்து வழியாத்தான் போறது. வெயிலே படாது."

காலையில் மூன்று மைல் வெயிலில் இந்தக் கூடையைச் சுமந்து வந்தது குருவம்மாள். கைவீசி முன்னால் நடந்தவன் அவன். டாக்டரம்மா பேசட்டும் என்று இருந்தாள்.

டோக்கன் கூப்பிட்டார்கள். அடுத்த டோக்கன் ஆட்டுக்கு என்பதால் வெள்ளத்துரையும் வாசலில் வந்து நின்றுகொண்டார். டாக்டரம்மா காது கிழிந்ததைத் தூக்கி மேசையில் மல்லாத்தினார், பார்த்தார். மற்றதையும் மல்லாத்தினார், பார்த்தார்.

"ரெண்டையும் ஒரே கூண்டுலயா போட்டிருக்கீங்க?"

"ஆமா டாக்டரம்மா, புருசன் பொண்டாட்டியில்லா."

"இது ரெண்டும் ஆண். வளந்த ஆண் முயல் ரெண்ட சேத்துப் போட்டா இப்படித்தான் கடிச்சுக் கொதறிக்கும். கூண்டுல முடி உதிர்ந்து கெடக்குமே, பாக்கலையா?"

நாலு மாதம் தான் பெருக்கித் தள்ளியது என்ன முடி என்று குருவம்மாளுக்கு விளங்கியது. அந்த ரெண்டு ஜீவன்கள் மேல் அவளுக்குப் பாவமாக இருந்தது. கடித்ததற்கு மருந்து தடவி, தனித்தனியாகப் பிரித்து வைக்கச் சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் வெள்ளத்துரை விடவில்லை. "என்னவே, ரெண்டும் கெடாயாமே. முப்பத்தாறையும் எது போட்டுச்சு?"

சொள்ளமுத்து நெஞ்சை நிமிர்த்தினான்.

"அதத்தான நானும் சொல்லுதேன் அண்ணாச்சி. பொம்பள மொசலக் குட்டி போட வைக்கது ஊர்ல எல்லாவனும் செய்வான். ஆம்பள மொசல முப்பத்தாறு போட வச்சிருக்கேன்னா, என் வளப்ப நெனச்சுப் பாருங்க."

குருவம்மாள் கூடையை அவன் கையில் வைத்தாள்.

"நான் பஸ்சில கழுகுமலைக்குப் போயி கோழியக் கூட்டியாரேன். அதுக்குள்ள கூண்டக் கழுவி வைங்க. நீங்க இதுக ரெண்டையும் தூக்கிட்டு அந்தச் சொரங்கத்து வழியா வீட்டுக்குப் போங்க, வெயில் படாது."