கருமூக்கர் கரைக்கு வந்த காடை

ஆவாரங்குட்டையில் அன்று முயல்களின் கூட்டம். கருமூக்கர் நினைவுநாள் அல்லவா? பொழுது விடிந்ததுமே நாற்பது முயல்கள் வந்து கரையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன.

கருமூக்கர் யார் என்று கேட்கிறீர்களா? ஒரு காலத்தில் அந்தக் குட்டை முழுக்கக் காட்டுப்பன்றிகள் வசம் இருந்தது. முயல்கள் புல்லில் படிந்த பனியை நக்கித்தான் காலம் தள்ளின. கோடையில் அதுவும் கிடையாது. கருமூக்கர் என்ற முயல்தான் எல்லோரையும் திரட்டிக்கொண்டு, பட்டப்பகலில் நேராகக் குட்டைக்கு நடந்தார். ஒரு பன்றி அவர் காதைக் கிழித்தது. அவர் நகரவில்லை. கரையில் கிடந்த கல்லின் மேல் ஏறி, ரத்தம் வடிய வடிய நின்றார். மூன்றாம் நாள் பன்றிகள் வழிவிட்டன.

அவர் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அவரைக் கண்ணால் பார்த்த முயல் ஒன்றுகூட இப்போது இல்லை. ஆனாலும் மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. மரியாதை வருடா வருடம் வளர்ந்துகொண்டே வந்தது. குட்டைதான் சுருங்கிக்கொண்டே வந்தது.

நினைவுநாள் அன்று எல்லா முயல்களும் ஒரு காதை மடித்துக்கொண்டு உட்கார வேண்டும். எந்தக் காதை என்பதில்தான் தகராறு. அன்றைக்குக் கருமூக்கருக்கு எதிரே நின்று பார்த்த முயல்களின் பேரப்பிள்ளைகள், கிழிந்தது வலது காது என்றன. பின்னால் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள், இல்லவே இல்லை, இடது காது என்றன. இந்த ஒரு காதுக்காகச் சங்கம் இரண்டாக உடைந்தது. வலக்காதுச் சங்கத்துக்கு மருதன் செயலாளர். இடக்காதுச் சங்கத்துக்கு நொச்சி செயலாளர். இரண்டும் முகம் கொடுத்துப் பேசி மூன்று வருடம் ஆகிறது.

மருதன் முன்னால் வந்து தொண்டையைச் செருமிக்கொண்டது.

"தலைவர் கருமூக்கரின் வழித்தோன்றல்களே! அவர் நின்ற கல்லை நீராட்டி நம் நன்றியைச் செலுத்துவோம்" என்றது.

ஆளுக்கொரு இலைத் தொன்னையில் தண்ணீர் மொண்டு, வாயில் கவ்விக்கொண்டு, முயல்கள் வரிசையில் நின்றன. குட்டையில் இருந்ததோ கணுக்கால் அளவு தண்ணீர். அதில் பாதியைக் கல் குடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் குன்றி என்ற காடை வந்தது. பின்னால் ஐந்து குஞ்சுகள். மேற்கே ஓடை வற்றிப்போனதால் இரண்டு நாள் நடந்தே வந்திருந்தன. நான்கு குஞ்சுகள் எப்படியோ கரை வரை வந்துவிட்டன. ஐந்தாவது குஞ்சு கரைக்குச் சற்று முன்னாலேயே அலகைத் திறந்தபடி சாய்ந்துவிட்டது.

"அண்ணே, குஞ்சுக்கு மட்டும் ஒரு வாய் தண்ணி குடுங்க. நான் அப்புறம்கூடக் குடிச்சுக்கிறேன்" என்றது குன்றி.

மருதன் குறுக்கே வந்து நின்றது.

"இங்க யாரும் வரக்கூடாது. இது தலைமுறை தலைமுறையா நாங்க குடிக்கிற தண்ணி. இன்னைக்கு உனக்கு விட்டா நாளைக்குக் காடே வந்து நிக்கும். வேற குட்டை பாத்துக்க."

"ஆமா, அதுதான் சரி" என்றது நொச்சி. மூன்று வருடத்தில் இரண்டு சங்கமும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

சூரைப் புதருக்குள்ளிருந்து யாரோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. புதரை விலக்கிக்கொண்டு ஒரு கிழட்டுக் காட்டுப்பன்றி வெளியே வந்தது. அதன் பெயர் கோரையன். கருமூக்கரின் காதைக் கிழித்த அதே பன்றி.

முயல்கள் பதறிப்போய்ப் பின்வாங்கின.

"பயப்படாதீங்க. பல்லெல்லாம் போச்சு" என்றது கோரையன்.

"எங்க தலைவர் நினைவுநாள்ல வந்து சிரிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று மருதன் சீறியது.

"சிரிக்காம என்ன செய்யிறது? அன்னைக்கு நீ நிக்கிற இடத்துலதான் நான் நின்னேன். இப்ப நீ பேசினது, ஒரு வார்த்தை விடாம, அன்னைக்கு உங்க தலைவர்கிட்ட நான் பேசினதுதான். தலைமுறை தலைமுறையா எங்க தண்ணி, உனக்கு விட்டா காடே வந்து நிக்கும், வேற குட்டை பாத்துக்க. எல்லாம் என் பேச்சு. என்னை இவ்வளவு ஞாபகமா வச்சிருப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

பின்வாங்கிய முயல்கள் ஓரடி முன்னால் வந்தன.

"எங்க தலைவர் என்ன சொன்னார்?" என்று நொச்சி மெல்லக் கேட்டது.

"'தாகத்தோட வந்தவனைத் திருப்பி அனுப்புற உரிமை இங்க யாருக்கும் இல்ல'ன்னார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அந்தக் கோவத்துலதான் காதைக் கிழிச்சேன்."

"எந்தக் காது?" என்று நாற்பது முயல்களும் ஒரே குரலில் கேட்டன.

"அது யாருக்கு ஞாபகம் இருக்கு? அவர் சொன்னதுதான் இன்னும் தூங்கவிடாம குடையுது" என்றது கோரையன்.

மருதன் விடவில்லை. "எதிரி பேச்சை நாங்க எப்படி நம்புறது?"

"நம்ப வேணாம். இந்தக் குஞ்சு அவர் முன்னால கிடந்திருந்தா என்ன செஞ்சிருப்பார்? அதை நீயே சொல்லு."

நொச்சி தன் தொன்னையைக் கவ்வியபடி எழுந்தது. கல்லைத் தாண்டி நேராகக் குஞ்சிடம் போய், அதன் அலகருகே தொன்னையைச் சாய்த்தது. முதல் சொட்டு கீழே வழிந்தது. இரண்டாவதைக் குஞ்சு விழுங்கியது. பிறகு கழுத்தைத் தூக்கி, தொன்னைக்குள் தலையை விட்டுக் குடித்தது. குன்றி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

வரிசையில் நின்ற முயல்கள் ஒவ்வொன்றாக வந்து மற்ற குஞ்சுகளின் முன்னால் தொன்னைகளை வைத்தன.

மருதன் அசடு வழிய நின்றது. ஆனாலும் அது கேட்டது நியாயமான கேள்விதான்.

"சரி, காடைக்குக் குடுத்தோம். நாளைக்குக் கீரி வரும், மயில் வரும். இருக்கிற தண்ணி நமக்கே பத்தாதே?"

"சேத்துக்கு அடியில ஊத்து இருக்கு" என்றது கோரையன். "அந்தக் காலத்துல நாங்க கிளறிக்கிட்டே இருப்போம், ஊறிக்கிட்டே இருக்கும். நாங்க போனபிறகு தூர்ந்து போச்சு. பல்லு போனாலும் என் மூக்கு நல்லாத்தான் இருக்கு. நான் கிளறுறேன், நீங்க சேத்தைத் தள்ளுங்க. ஆனா எனக்கும் ஒரு வாய் வேணும். இத்தனை நாளா நீங்க அசந்த நேரம் பாத்துத் திருடித்தான் குடிக்கிறேன்."

மருதனும் நொச்சியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு இரண்டும் சேற்றில் இறங்கின.

கோரையன் கிளறியது. வலக்காதும் இடக்காதும் தோளோடு தோள் நின்று சேற்றை வாரித் தள்ளின. யார் எந்தச் சங்கம் என்று அடையாளமே தெரியவில்லை. உச்சிப்பொழுதில் ஓர் ஓரத்தில் குமிழி விட்டுத் தண்ணீர் கிளம்பியது. முயல்கள் போட்ட கூச்சலில் குஞ்சுகள் பயந்துபோய்த் தாயின் சிறகுக்குள் ஒளிந்துகொண்டன.

கோரையன்தான் முதலில் குடித்தது. ஒருவரும் தடுக்கவில்லை.

வயிறு நிறையக் குடித்துவிட்டுக் குன்றி மருதனிடம் வந்தது.

"அண்ணே, வந்ததுலருந்து கேக்குறேன், தலைவர் தலைவர்ங்கிறீங்களே, அவர் யாரு?"

மருதன் அதற்கென்றே நீளமான ஒரு சொற்பொழிவை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. இப்போது அதில் ஒரு வரியும் நாக்கில் வரவில்லை.

"எங்களுக்குத் தண்ணி வாங்கிக் குடுத்தவர்" என்றது.

"அப்படின்னா இன்னையிலருந்து எங்களுக்கும் அவர்தான் தலைவர்" என்றது குன்றி.

ஒரு தலைவர் போராடிப் பெற்றுத் தந்ததைப் பூட்டி வைத்துக்கொள்பவர்கள் தெரியாமலே அவருடைய எதிரியின் பக்கம் போய் நிற்கிறார்கள். அடுத்துத் தவித்து வருபவருக்கும் அதைத் திறந்துவிடுபவர்களே அவருடைய உண்மையான வாரிசுகள்.