வெளியாள் யாரும் வரவில்லை

மூங்கில் காட்டில் மூன்றே வாரத்தில் ஏழு மான்குட்டிகள் இருமி இருமிச் செத்துப் போயின. ஓடைக்கு அக்கரையில் காட்டுப்பன்றிகளுக்கும் அதே இருமல். பிறகு அத்திமரத்து வௌவால்களுக்கும் வந்தது.

வௌவால்கள் அந்தக் காட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் யாரும் விசாரிக்கவே இல்லை. நோயைக் கொண்டுவந்தது அவைதான் என்று கூட்டம் முடிவு கட்டியது. மரத்தை உலுக்கி விரட்ட வேண்டும் என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னது கரடி. வௌவால் குட்டிகளுக்கோ இன்னும் பறக்கத் தெரியாது.

“மூன்று நாள் பொறுங்கள்” என்றது தேவாங்கு.

யார் கண்ணுக்கும் தெரியாத கிருமியும் தேவாங்கின் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு கிருமிக்குள்ளும் நீளமான ஓர் எழுத்து வரிசை இருக்கும். கிருமி உடம்புக்கு உடம்பு தாவிப் பெருகும்போது அந்த வரிசையைப் படியெடுக்கும். அப்போது எங்காவது ஓர் எழுத்து பிழையாகும். அந்தப் பிழை அடுத்த உடம்புக்கும் அப்படியே போகும். பிழைகளை ஒப்பிட்டால் நோய் போன வழி தெரிந்துவிடும்.

இதைத் தேவாங்கு நான்கு முறை விளக்கியது. நான்கு முறையும் தலையாட்டிவிட்டு, வௌவால்களை எப்போது விரட்டுவது என்றுதான் கேட்டார்கள்.

இலையும் கையுமாக அது இருமுகிற ஒவ்வொருவரிடமும் போய் ஒரு சொட்டு எச்சில் கேட்டது. பன்றி, குடும்ப மானம் போய்விடும் என்றது. மான், நாளைக்கு வா என்றது. மறுநாள் போனால் மறுபடியும் நாளைக்கு. கெஞ்சி வாங்குவதற்குள் இரண்டு நாள் ஓடிவிட்டது.

மானின் கிருமியில் இரண்டு பிழைகள். வௌவாலின் கிருமியில் அதே இரண்டும், மேலே இன்னும் இரண்டும் இருந்தன. ஆக, மானிடமிருந்துதான் வௌவாலுக்குப் போயிருக்கிறது. பன்றியிடமும் இரண்டு பிழைகள். ஆனால் முதல் பிழை மட்டுமே மானுடையது; மற்றது வேறு. அப்படியானால் அந்த முதல் பிழையைச் சுமந்த யாரோ ஒருவர் இரண்டு வீட்டுக்கும் போயிருக்க வேண்டும்.

வந்தது யார் என்று மானைக் கேட்டது. யாரும் வரவில்லை. பன்றியைக் கேட்டது. அங்கும் யாரும் வரவில்லை. தேவாங்குக்குத் தலையை மரத்தில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மறுபடியும் மானிடம் போனது.

“வெளியாள் யாரும் வரவில்லை. நம் கரடி அண்ணன்தான் தினமும் நலம் விசாரிக்க வருவார். பன்றி வீட்டுக்கும் போவார்.”

“இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?”

“அவர் என்ன வெளியாளா?”

தேவாங்கு கரடியைத் தேடிப் போனது. எச்சில் கேட்டதும் கரடிக்கு ஆத்திரம் வந்தது. ஆறுதல் சொல்லப் போனது குற்றமா, எனக்கு ஒரு தும்மலாவது உண்டா என்று கத்தி, இலைமேல் துப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டது. தேவாங்குக்கு அது போதும். அந்தக் கிருமியில் அந்த முதல் பிழை மட்டும் இருந்தது. இருமாமலேயே கரடி நோயைச் சுமந்து திரிந்திருக்கிறது.

விஷயத்தைக் கேட்டதும் கரடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. “அந்தச் சின்ன மான்குட்டியை மடியில் வைத்துத் தூங்க வைத்தேனே” என்றது. பிறகு தானாகவே குகைக்குள் போய், தேவாங்கு சொன்ன நாள்வரை வெளியே வரவில்லை. இருமியவர்களும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். இருபது நாளில் இருமல் நின்றது. அத்திமரத்தை யாரும் உலுக்கவில்லை.

தேவாங்கு பெருமூச்சுவிட்டுப் படுத்த அன்றே மானும் பன்றியும் வந்து எழுப்பின.

“கரடியை எப்போது விரட்டலாம்?”

தேவாங்கு தன் பெரிய கண்கள் இரண்டையும் இறுக மூடிக்கொண்டது. “நான் வழியைத்தான் தேடினேன். ஆளை அல்ல. போய்த் தூங்குங்கள்” என்றது.

நோய் வந்த வழியை அறிந்து அடைப்பவர்கள் பிழைப்பார்கள். பழி போட ஆள் தேடுகிறவர்கள் நோயைத் தப்பவிடுவார்கள்.